வெட்டிப் போட்ட அரட்டை

டீச்சரின் வகுப்பறையில் நெட் எட்டிப் பார்க்காது. அதனால் பக்கத்துப் பள்ளிக் கணக்கு வாத்தியார் இணையத்தில் போட்ட பாடங்களை வீட்டிலேயே டவுன்லோட் செய்து பென்டிரைவில் வைத்திருந்தாள். நேரம் வீணாம்! அவருடைய வணக்கம், அரட்டை, அசட்டு ஜோக் எல்லாவற்றையும் கறாராக வெட்டியிருந்தாள்.

வாத்தியார் இறந்த மறுமாதம் அவர் மனைவி வந்தாள். "அவர் அக்கவுண்டை மூடச் சொன்னேன் டீச்சர். வீடியோவெல்லாம் சேர்ந்தே போயிடுச்சு. உங்ககிட்ட இருக்காமே?"

டீச்சர் பென்டிரைவைச் செருகிப் போட்டுக் காட்டினாள். திரையில் கரும்பலகை, எழுதும் கை, கணக்கு. அவ்வளவுதான்.

"இப்ப இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்க" என்று சொல்லிவிட்டு வாத்தியாரின் குரல் நின்றது. வெட்ட மறந்த அரை நிமிடம். அவர் மூச்சு மட்டும் கேட்டது.

"இதையே திரும்பப் போடுங்க டீச்சர்," என்றாள் மனைவி.