எதிர்ப்பக்கம் போன பத்துப் புழுக்கள்

1

இந்தக் கதை ஒரு பையின் முதுகில் பிறந்தது. மண்ணை இளக்கும், மண்ணோடு கலக்குங்கள் என்று சொல்லி விற்கிற பிளாஸ்டிக் நுரைத் துகள் கலவைப் பை. அதன் பின்புறத்தில், ‘எங்கள் சோதனையில் ஒரு மண்புழுகூடச் சாகவில்லை’ என்று அச்சாகியிருக்கிறது. கீழே, சோதித்தவரின் கையெழுத்து. கையெழுத்து என் அக்காவுடையது. வரி என்னுடையது. சொல்லிவிட்டேன், இனி நீங்கள் தாராளமாகத் திட்டலாம்.

2

நான் முதலில் எழுதிய தொடக்கம்: ‘ஆய்வுக்கூடத்தின் சன்னல் வழியே இளவெயில் மெல்ல...’

எங்கள் கம்பெனி ஆய்வுக்கூடத்தில் சன்னலே கிடையாது. டியூப்லைட்தான். அதன் கீழே அக்கா ஒரு பிளாஸ்டிக் பெட்டியை நடுவில் அட்டை செருகிப் பிரித்தாள். ஒரு பாதியில் வெறும் மண், மறுபாதியில் கலவை சேர்த்த மண். அட்டையை உருவிவிட்டு, நடுக்கோட்டில் பத்துப் புழுக்களை விட்டாள். இரண்டு நாள் கழித்து அட்டையை மறுபடி செருகி எண்ணினாள்.

(அட்டைக்கு அடியில் மாட்டிக்கொள்ளும் புழுவை இரண்டு பக்கத்துக்கும் அரை அரையாகக் கணக்கு வைப்பார்கள். அன்று அந்த விதிக்கு வேலையே இல்லை.)

பத்தும் வெறும் மண்ணில். ஐந்து பெட்டி வைத்தாள், ஐந்திலும் அதே கதை.

3

கம்பெனி மேலாளருக்கு, கதையில், முதலில் ஒரு முரட்டு மீசை வைத்தேன். பிறகு எடுத்துவிட்டேன். நிஜத்தில் தங்கமான மனிதர், யாரையும் அதட்டிப் பேசமாட்டார். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

“எத்தனை செத்துச்சும்மா?”

“ஒண்ணும் சாகல சார். ஆனா ஒண்ணுகூட நம்ம பக்கம் நிக்கல.”

“நிக்கறதும் போறதும் அதோட இஷ்டம். சாகலதானே? அது போதும்.”

அக்கா எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்திட்டாள். விளம்பரம் எழுதும் என் மேசைக்கு ஒரு வரியும் கையெழுத்தும் மட்டும் வந்தன. மீதி எங்கே என்று நான் கேட்கவில்லை. வரியைப் பளபளப்பாக்கிக் கொடுத்தேன்.

4

அக்கா அச்சாகி வந்த அந்தப் பையோடு என் வீட்டுக்கு வந்தாள்.

“இது நீ எழுதினதாடா?”

“பொய் ஒண்ணும் இல்லையேக்கா.”

“வீடு தீப்பிடிச்சு எல்லாரும் வெளிய ஓடிட்டாங்க. யாரும் சாகலன்னு சொல்லி அந்த வீட்டை வாடகைக்கு விடுவியா?”

(நான் அந்த வரி தெரியாதபடி பையைத் திருப்பி வைத்தேன்.)

“இதைப் போட்டு உழுதுட்டா அந்தத் துகளை யாரு பொறுக்குவா? புழு போன மண்ணு இறுகிடும், தண்ணி இறங்காது. அதுக்கு என் கையெழுத்தா?”

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மேலாளர் மேல் பாதி, என் மேல் பாதி. இல்லை, என் மேல்தான் அதிகம்.

5

முடிவு ஒன்று: அக்கா வேலையை விட்டாள். (தப்புச் செய்யாதவள் எதற்கு விட வேண்டும்? அந்த முடிவை அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: மேலாளர் மனம் திருந்தி... (எழுதும்போதே சிரிப்பு வந்துவிட்டது. மீதியையும் பையில் போடச் சொல்லி நான் கேட்டதற்கு, “அடுத்த அச்சுல பாக்கலாம்” என்றார்.)

மூன்றாவது உங்களிடம் இருக்கிறது. அந்தப் பை உங்கள் வீட்டிலும் இருக்கலாம். ஒரு பெட்டி, ஓர் அட்டை, பத்துப் புழு, இரண்டு நாள். எண்ணிப் பாருங்கள். என் வரிக்கும் அக்காவின் கையெழுத்துக்கும் நடுவில் ஒரு விரற்கடை இடம் விட்டிருக்கிறார்கள். மீதியை அங்கே எழுதுங்கள், அழியாத மையில்.