பச்சையம்மா அக்காவின் முட்டிக்கால்

பச்சையம்மா அக்காவின் வலது முட்டி போய் ஒன்றரை வருடம் ஆகிறது. சாரம் சரிந்து விழுந்ததில் எலும்பு உடைந்து, உள்ளே தகடு வைத்திருக்கிறார்கள். ஐம்பத்தாறு வயது. சித்தாளாகக் கல் சுமந்து ஆரம்பித்தவள், இன்று மேடவாக்கம், படப்பை, கேளம்பாக்கம் என்று மூன்று இடத்தில் வீடு கட்டித் தரும் காண்ட்ராக்டர். நான் யேசுதாசன். இருபத்திரண்டு வருடமாக அவளுக்கு மேஸ்திரி.

தன் பழைய காரைத் தானே ஓட்டிக்கொண்டு சைட்டுக்கு வருவாள். நெரிசலில் பிரேக் மிதித்து மிதித்தே வலி ஏறியிருக்கும். இறங்கியதும் மணல் குவியலில் உட்கார்ந்து முட்டியைப் பிசைவாள். மேலே ஏறமாட்டாள். கீழிருந்தே கேட்பாள், கீழிருந்தே போய்விடுவாள். காண்ட்ராக்டர் ஏறிப் பார்க்காத கட்டடம் எந்த லட்சணத்தில் இருக்கும் என்று எனக்குத் தெரியும். என் கை வேலையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மகன் தினகரன் ஒரகடத்தில் கம்பெனி வேலையில் இருக்கிறான். "போதும்மா, என்கிட்ட விட்டுடு" என்று தினமும் சொன்னான். கடைசியில் அக்கா ஒத்துக்கொண்டாள். ஒரு புது வண்டி வாங்கிப் பார்ப்பது, அதிலும் கால் ஒத்துவரவில்லையென்றால் தை மாதத்தோடு தொழிலை அவன் கையில் கொடுத்துவிட்டு வீட்டில் உட்காருவது. உட்காருகிறவள் இல்லை அவள். உட்கார்ந்தால் செத்துப்போவாள்.

சேலையூர் ஷோரூமில் இரண்டு வண்டி நின்றது. ஒன்று பிளக்-இன் ஹைபிரிட். பெட்ரோலிலும் ஓடும், சார்ஜ் போட்டால் கொஞ்ச தூரம் கரண்டிலும் ஓடும். நீளமான வண்டி. தினகரனுக்கு அதன் மேல்தான் கண். இன்னொன்று முழுக்கக் கரண்டில் ஓடும் சின்ன கார். சின்னதுதான், ஆனால் விலை நாலு லட்சம் கூட.

"சைஸு பாதி, விலை மட்டும் கூட. எவனாவது வாங்குவானா?" என்றான் தினகரன்.

"ஓட்டிப் பாத்துட்டு சொல்றேன்" என்றாள் அக்கா.

ஷோரூம் பெண் ஏஞ்சல், "இங்கிருந்து ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடலாம் மேடம், பத்தே நிமிஷம்" என்றாள்.

"பத்து நிமிஷத்துல இன்னா தெரியும் பாப்பா? மேடவாக்கத்துல எனுக்கு சைட் கீது. காலைல ஒம்போது மணிக்கு அதுவரிக்கும் ஓட்டிக்கினு போணும். இன்னிக்கு அது, நாளைக்கு இது. அதே ரோடு, அதே நேரம்."

இரண்டு சூளையின் செங்கல்லை வாங்கினால் ஒரே தொட்டியில்தான் ஊறப்போட்டுப் பார்ப்போம். அந்தப் புத்தி. ஏஞ்சல் உள்ளே போய் மேனேஜரிடம் மன்றாடி அனுமதி வாங்கி வந்தாள்.

முதல் நாள் ஹைபிரிட். அக்கா பக்கத்தில் நான், பின்னால் ஏஞ்சலும் தினகரனும். என் கண் அக்காவின் வலது காலில் இருந்தது. கல் லோடு இறக்கும்போது எண்ணுகிற பழக்கம் எனக்கு. ஒன்று என்று சொல்லமாட்டோம், லாபம் என்றுதான் தொடங்குவோம். ஒவ்வொரு பிரேக்குக்கும் ஒரு எண். லாபம், ரெண்டு, மூணு... ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் தாண்டி மேடவாக்கம் வருவதற்குள் நூற்று அறுபத்து மூன்று.

வண்டியைக் குறை சொல்லமுடியாது. குழியில் அடி தெரியவில்லை. ஏசி சில்லென்று இருந்தது. திருப்பதி வரைக்கும் சார்ஜைப் பற்றிய கவலையே இல்லாமல் போகலாம். சைட்டில் நான் பின்கதவைத் திறந்து, சாமான் வைக்க இடம் போதுமா என்று டேப் பிடித்துப் பார்த்தேன். சார்ஜ் போடுகிற கேபிள் பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காமல் கிடந்தது.

"இன்னாம்மா இது?" என்றேன்.

ஏஞ்சல் நெளிந்தாள். "டெமோ கார் சார். யாரும் சார்ஜ் போடறதில்ல. பெட்ரோல்லயே ஓடிடுது."

"அப்ப அந்த பேட்டரிய சும்மா செமந்துக்கினு ஓடுதா?" அக்கா சிரித்தாள். "கூலி வாங்கிக்கினு கைய கட்டிக்கினு நிக்கிற ஆளு மாரி."

"நாம போடுவோம்மா" என்றான் தினகரன்.

"யாரு, நீயா? உன் போன்லயே எப்பப் பாரு நாலு பர்சண்டு."

சிரித்துவிட்டாள், ஆனால் கதவைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினாள். மணல் குவியலில் உட்கார்ந்து முட்டியைப் பிடித்தாள். மேலே ஏறவில்லை.

மறுநாள் கரண்டு கார். ஏஞ்சல் திரையில் எதையோ மாற்றி வைத்தாள். "ஆக்சிலரேட்டர்ல இருந்து காலைத் தளர்த்தினா வண்டி தானா ஸ்லோவாகி நின்னுடும் மேடம். பிரேக் அவசரத்துக்கு மட்டும்தான்."

ராஜகீழ்ப்பாக்கம் வரை எங்கள் நாலு தலையும் முன்னும் பின்னும் ஆடியது. பக்கத்தில் பைக்கில் வந்தவன், "யக்கா, ஓட்றியா ஆட்றியா?" என்றான்.

"போடா, பழகிக்கினு கீறேன்!"

செம்பாக்கத்தில் பிடிபட்டுவிட்டது. "யேசு, இது கயித்துல கலவை பக்கெட்டு எறக்கற மாரிடா. பட்டுனு உட்டா டமாலு. கையில வெச்சி வெச்சி உடணும்."

அதற்குப்பிறகு அவள் ஓட்டியதைப் பார்க்க வேண்டும். வெயில், பஸ், ஷேர் ஆட்டோ, குறுக்கே மாடு. கால் ஒரே இடத்தில் இருந்தது, பாதம் மட்டும் ஏறி இறங்கியது. வண்டியில் சத்தமே இல்லை. அக்காவின் வளையல் சத்தம் எனக்குக் கேட்டது. மேடவாக்கம் திருப்பத்தில் ஒரு தண்ணி லாரி சடாரென்று குறுக்கே திரும்பியது. நான் டேஷ்போர்டைப் பிடித்தேன். அக்கா காலைத் தளர்த்தினாள், வண்டி அடங்கி நின்றது. லாரிக்காரனைத் திட்ட அவளுக்கு நேரம்கூட இருந்தது.

நான் எண்ணிய பிரேக் மொத்தம் பதினொன்று.

"சார்ஜ் தீந்துட்டா நடுரோட்ல நிப்ப" என்றான் தினகரன்.

"மூணு சைட்டும் சுத்தினா நூறு கிலோமீட்டர். வூட்ல மூணு ஃபேஸ் லைன் கீது. ராத்திரி சொருகிட்டுப் படுக்கப்போறேன். இன்னாடா கஷ்டம்?"

சைட் வந்தது. ஏஞ்சல் பார்க்கிங் பட்டனைக் காட்டிக்கொடுத்தாள். சீட்டு உயரம், அக்கா காலைப் பக்கவாட்டில் போட்டு நேராக எழுந்து நின்றாள். கதவைப் பிடிக்கவில்லை. நான் மணல் குவியலின் மேல் கிடந்த கலவைச் சட்டியை எடுத்து உட்கார இடம் செய்து, திரும்பிப் பார்த்தேன். ஆளைக் காணோம்.

"அம்மா எங்க?" என்றான் தினகரன்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு கால் அழுத்தமாக, ஒரு கால் இழுத்து. நொண்டல் போய்விடவில்லை, தகடு தகடுதான். ஆனால் ஏறிக்கொண்டிருந்தாள். முதல் மாடியில் சத்தம் நிற்கும் என்று நினைத்தேன். நிற்கவில்லை.

இரண்டாவது மாடியிலிருந்து குரல் வந்தது. "எவன்டா இந்த செவுத்துக்கு தண்ணி உட்டவன்? பொரி மாரி காஞ்சி கெடக்குது!"

ஒன்றரை வருடமாக எந்த சைட்டின் மாடியும் கேட்காத குரல். பூச்சு வேலைக்காரர்கள் இருவர் தண்ணீர் டியூபைத் தேடி ஓடினார்கள். தினகரன் அண்ணாந்து பார்த்தபடி நின்றான். பிறகு ஏஞ்சலிடம் மெதுவாகக் கேட்டான்.

"இதுல என்னென்ன கலர் வருது?"

மேலே ஜன்னல் ஓட்டையில் அக்காவின் தலை தெரிந்தது.

"யேசு! டேப்ப எடுத்துக்கினு மேல வா. இந்த ஜன்னலு ரெண்டு இஞ்சு கோணிக்கினு கீது. ரூஃப் போட்டு மூணு மாசம் ஆவுது, கண்ண எங்கடா வெச்சிருந்த?"

டேப் என் இடுப்பிலேயே இருந்தது. படியை நோக்கி ஓடினேன்.