ஆவுடைநாயகத்தின் கைகளுக்கு ஒரு திருத்தம்

1

இந்தக் கதையை எழுதக் காரணம், நான் எழுதிய இன்னொரு கதை. தொண்ணூற்று நாலில் ஒரு தீபாவளி மலரில் ஆவுடைநாயகத்தைப் பற்றி எழுதினேன். கல்யாண வீடுகளுக்குச் சமைக்கிற தவசுப்பிள்ளை அவர். சேரன்மகாதேவியில் ஒரு கல்யாணத்தில் கொதிக்கிற சாம்பார்ப் போணியைத் துணி பிடிக்காமல் வெறுங்கையால் இறக்கிவைத்தார். சுற்றி நின்ற நாங்கள் கைதட்டினோம். முப்பது வருடம் அடுப்படியில் காய்த்துப்போன கை என்று வாய் கூசாமல் புகழ்ந்தேன். அதைப் பார்க்கவென்றே ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். மூன்று வருடமாக அவர் அந்தப் பக்கத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறார்.

அது கைத்திறன் இல்லை. நோய்.

2

முதல் தொடக்கம்: 'ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்ததும் டாக்டர் ஜேசுதாசனின் முகம்…'

(அடித்துவிட்டேன். அவர் முகம் ஒன்றும் ஆகவில்லை. தினமும் இப்படிப் படங்களைப் பார்க்கிறவர்.)

மதுரையில் அவர் சொன்னது இது: "சிறுமூளையோட அடிப்பாகம் பிடரிக்குள்ள எறங்கி நிக்கு. மூளைத் தண்ணி போற வழி அடைச்சுட்டு. அது தண்டுவடத்துக்குள்ள குழியா தேங்கிட்டு. ஒமக்குச் சூடு தெரியாததும், இருமுனா பிடரி தெறிக்கதும் அதனாலதான்."

"ஆப்பரேசன் செஞ்சா?" என்று நான் கேட்டேன்.

"பின்மண்டை எலும்புல கொஞ்சம் எடுத்து, மூளையைச் சுத்தியிருக்க உறையை அகலமாக்குவோம். குழி பெரும்பாலும் சுருங்கும். இனிமே மோசமாகாம நிறுத்தத்தான் பாக்கோம். போன உணர்ச்சி திரும்பும்னு சத்தியம் பண்ண மாட்டேன். விட்டுட்டா விரல் மடங்கிரும்."

ஆவுடைநாயகம் என் கதையை எடுத்து மேசையில் விரித்தார். "படிச்சுப் பாருங்க சார். நோயாளி கையா இது?"

அவர் பயப்படவில்லை என்று இங்கே எழுதியிருந்தேன். பொய். சட்டைப் பொத்தானை இப்போது மனைவிதான் போட்டுவிடுகிறார். கையில் நோய் என்று வெளியே தெரிந்தால் எந்த முகூர்த்தத்துக்கும் கூப்பிட மாட்டார்களே என்பதுதான் அவருடைய பயம்.

3

நேற்று அவருடைய மனைவி, கோமு மதினி, என் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"தம்பி, நீங்க எழுதுனதை வேதம்னு வச்சிருக்காக. ஆப்பரேசன் முடிஞ்சு நல்லாயிட்டாகன்னு ஒண்ணு எழுதித் தாங்க. நம்புவாக. ஆப்பரேசனுக்குச் சம்மதிப்பாக."

"நல்லாகும்னு டாக்டரே சொல்லலையே, மதினி."

"முத தடவ யார்ட்ட கேட்டு எழுதுனீய?"

அவர் போனதும் பேனாவை எடுத்தேன்.

4

முடிவு ஒன்று: கட்டுப் பிரித்த மறுநாள் காபி டம்ளரைத் தொட்டவர், 'சுடுது' என்று…

(அழகாக இருக்கிறது. அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது.)

முடிவு இரண்டு: மறுத்துவிடுகிறார். ஐப்பசி முகூர்த்தத்தில் போணி நழுவி, இலை போட வந்த பெண்ணின் மேல்…

(எழுத மாட்டேன். ஆனால் போன மாதம் ரசப் போணி நழுவியது நடந்தது. நல்லவேளை, பக்கத்தில் ஆள் இல்லை. எண்ணெய் வழுக்கிவிட்டது என்று சமாளித்தார்.)

5

ஆவுடைநாயகம் அண்ணாச்சி, இனி வாசகர் நீங்கள் ஒருவர்தான். இதை அச்சுக்கு அனுப்ப நேரமில்லை. மதினி இந்தக் கையெழுத்துப் பிரதியைத் தருவார், கூடவே ஆஸ்பத்திரிச் சம்மதத் தாளையும். திங்கட்கிழமை படுக்கை ஒதுக்கியிருக்கிறார்கள்.

நான் தப்பாக எழுதிவிட்டேன். என்னை மன்னியுங்கள். நல்லாகிவிடும் என்று இன்னொரு பொய்யும் எழுத என்னால் முடியும். ஆனால் கத்தி படப்போவது உங்கள் பிடரியில். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று நீங்களே எழுதுங்கள். சரி என்றால் கையெழுத்துப் போடுங்கள். கடைசி வரியைப் பாதியில் விடுகிறேன்; முடிக்க வேண்டியவர் நீங்கள். பேனா பிடிக்கிற அளவுக்கு அந்த விரல்களில் இன்னும் பலம் இருக்கிறது. அது போவதற்குள்…