மரத்தில் கட்டிய சிவப்புத் துணி

ஜெயசீலி டீச்சருக்கு இளநீர் என்றால் ஸ்ட்ரா வேண்டும். அப்படியே தூக்கிக் குடித்தால் கழுத்தெல்லாம் வழிந்து புடவை பாழாகிவிடும் என்பாள். அன்றைக்கும் சேலையூர் வீட்டின் பின்வாசல் படியில் உட்கார்ந்து, அடியில் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் சத்தம் வர உறிஞ்சி முடித்து, காயைப் பக்கத்தில் வைத்தாள். என்ன வெயில் இது, ஆண்டவரே! நல்லவேளை, காலையிலேயே மரமேறியைக் கூப்பிட்டு ஒரு குலையை இறக்கிவிட்டோம் என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டாள்.

அந்தக் குலையில் முதல் இரண்டு காய்கள் மீன்காரி முத்தாலம்மாளுக்குப் போயிருந்தன. கோவளத்திலிருந்து பஸ் ஏறி வந்து, இந்தத் தெருவில் வீடு வீடாகக் கூடையை இறக்குகிறவள் அவள். அவள் மகள் வெண்ணிலா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஏழாம் மாதம். "ஒண்ணுக்குப் போசொல்லோ எரியுதுன்னு அழுவுது டீச்சர், பாக்கவே பேஜாரா கீது" என்று காலையில் முத்தாலம்மாள் சொன்னதுதான் தாமதம், டீச்சர் இரண்டு காய்களைப் பையில் போட்டு நீட்டிவிட்டாள். "கடையில வாங்காத. இது என் மரம். மருந்து கிருந்து எதுவும் காட்டாதது. போனதும் வெட்டிக் குடு."

மருந்து காட்டாதது என்பதில் அவளுக்கு அவ்வளவு பெருமை. அதற்காகப் புருஷன் எட்மண்டோடு மல்லுக்கட்டியவள் அல்லவா! போன வருஷத்திலிருந்து மரத்தில் வெள்ளை ஈ. ஓலைக்கு அடியில் சுண்ணாம்பு பூசியது மாதிரி அப்பிக்கொண்டு, அதன் பிசுபிசுப்பு கீழே நிற்கும் எட்மண்டின் காரில் சொட்டும். சொட்டிய இடமெல்லாம் கரி பிடிக்கும். எட்மண்ட் வங்கியில் ஓய்வு பெற்றதும் வாங்கிய கார் அது. பெற்ற மகனைக்கூட அந்த மனுஷன் அப்படித் துடைத்துக் குளிப்பாட்டியதில்லை. வேரில் மருந்துப் பை கட்டிவிட்டால் மரமே உறிஞ்சிக்கொள்ளும் என்று அவர் நாலு தடவை சொன்னார். நாலு தடவையும் அவள், "நாம குடிக்கிற தண்ணியில விஷம் வைப்பீங்களா? வேப்பெண்ணெய் அடிச்சா போதும்" என்று அவர் வாயை அடைத்தாள். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அடங்கிவிட்டார் என்றுதான் நினைத்தாள்.

போன வாரம் முழுக்க அவள் நாசரேத்தில் தங்கை வீட்டில் இருந்தாள். திரும்பி வந்தவள் நேற்றுச் சாயங்காலம் கொல்லைக்குப் போனால், தென்னை மரத்தின் இடுப்பில் ஒரு சிவப்புத் துணி! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் ஊரில் இல்லாதபோது செப்டிக் டேங்க் வேலைக்கு வந்த ஆட்களில் எவனோ திருஷ்டி கழிக்கிறேன் பேர்வழி என்று கட்டிவிட்டுப் போயிருக்கிறான், ஜெபிக்கிற வீட்டில் இதென்ன கூத்து என்று அரிவாளை எடுத்துப் போய் அறுத்தாள். மரத்தில் கை வைத்துச் சின்னதாக ஒரு ஜெபமும் செய்தாள். துணியைக் குப்பைக் கூடையில் போட்டாள். எட்மண்டிடம் சொல்லவில்லை. சொன்னால் கிண்டல் பண்ணியே ஒரு வாரத்தை ஓட்டுவார்.

தாம்பரம் மார்க்கெட்டிலிருந்து வந்த எட்மண்ட் காய்கறிப் பையோடு பின்வாசலுக்கு வந்தார். தரையில் கிடந்த குலையைப் பார்த்தார். அண்ணாந்து மரத்தைப் பார்த்தார். பை கையிலிருந்து நழுவி, தக்காளி படியெல்லாம் உருண்டது.

"யாரு... யாரு வெட்டச் சொன்னது?"

"நான்தான். ஏன், உங்ககிட்ட பர்மிஷன் வாங்கணுமா?"

"துணி கட்டியிருந்துச்சே சீலி! செகப்புத் துணி! அதப் பாத்தா எந்த மரமேறியும் ஏற மாட்டானே!"

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்ததும் விளங்கியது.

"வேருல... மருந்து கட்டிட்டீங்களா?"

"நீ ஊருக்குப் போனப்ப. ஒன்றரை மாசத்துக்குக் காயைத் தொடக்கூடாதுன்னு அந்த ஆளுதான் துணி கட்டினான். இன்னைக்குச் சொல்லிடலாம், நாளைக்குச் சொல்லிடலாம்னு..."

அந்தத் துணி எச்சரிக்கை. அறுத்துப்போட்டு ஜெபம் செய்தது இந்தக் கை. விஷம் இல்லாதது என்று சத்தியம் செய்து கொடுத்ததும் இதே கை. ஐயோ, அந்தப் பிள்ளை!

மூன்றாவது தடவை அடித்த பிறகுதான் முத்தாலம்மாள் போனை எடுத்தாள்.

"இன்னா டீச்சர், மீனு நல்லா இல்லியா?"

"வெண்ணிலா... இளநி... குடிச்சாளா?"

"வூட்டுக்கு வந்ததும் வெட்டிக் குட்த்துட்டேன் டீச்சர். ரெண்டையும் மூச்சு விடாம குடிச்சிட்டு, டீச்சரம்மா நல்லாருக்கணும்னு சொல்லிச்சு. இப்போ தல சுத்துதுன்னு உள்ள பட்த்துனு கீது."

ஜெயசீலி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"முத்தாலு, அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போ. இப்பவே போ. அந்தத் தண்ணியில பூச்சி மருந்து இருக்கு."



"நீதானே டீச்சர் குட்த்தே?" என்றாள் முத்தாலம்மாள், மெதுவாக. அதட்டிக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

பிறகு போன் எங்கேயோ விழுந்தது. விழுந்த இடத்திலிருந்து எல்லாம் கேட்டது. "வெண்ணிலா! அடியே வெண்ணிலா, ஏந்திரு!" கதவு சுவரில் மோதியது. யாரோ ஆட்டோ ஆட்டோ என்று கத்திக்கொண்டு ஓடினார்கள். மறுபடியும் வெண்ணிலா, வெண்ணிலா. பதில் குரல் வருகிறதா என்று ஜெயசீலி போனைக் காது வலிக்க அழுத்திக்கொண்டாள்.

எட்மண்ட் 108-ஐ அழைத்து, கோவளம் விலாசம் சொல்லிக்கொண்டே திரும்பியவர், படியைப் பார்த்ததும் பாதியில் நின்றார். குனிந்து எதையோ எடுத்தார். அவள் முன்னால் வந்து மண்டியிட்டு, அதை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு என்னவோ கேட்டார், திரும்பத் திரும்பக் கேட்டார். அவர் வாய் அசைவது மட்டும் அவளுக்குத் தெரிந்தது. அவர் கையில் பச்சை இளநீர்க் காய். அதில் செருகிய ஸ்ட்ராவின் நுனி அவள் பல் பட்டு நசுங்கியிருந்தது.