டீ குடிச்சிட்டுப் பாத்துக்கலாம்

எனக்கு அருவருப்பு அதிகம். ஆய்வுக்கூடத்தில் என் பட்டப்பெயரே ‘சீச்சீ’. அடுத்தவர் சீப்பு, ஈரத் துண்டு, பல்லால் கடித்த பேனா, கழுவாமல் கவிழ்த்து வைத்த டம்ளர், எதைக் கண்டாலும் முகம் தானாகச் சுளித்துக்கொள்ளும். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையோ, ஊர் குடிக்கும் தண்ணீரில் கிருமி இருக்கிறதா என்று கண்ணாடித் தட்டில் வளர்த்துப் பார்ப்பது. எல்லாரும் கேலி செய்வார்கள். கிருமி மூடி போட்ட தட்டுக்குள் இருக்கும்வரை எனக்கும் அதற்கும் சண்டையில்லை. மனிதர்கள்தான் மூடியில்லாமல் திரிகிறார்கள்.

எங்கள் அதிகாரியையே எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்குப் பிஸ்கட் சார் என்று பெயர். டீயில் பிஸ்கட்டை முக்கிவிட்டு, எடுக்க மறந்து பேசிக்கொண்டே இருப்பார். அது ஊறி உடைந்து கப்பின் அடியில் சேறாகப் படியும். டீ தீர்ந்ததும் ஆள்காட்டி விரலை உள்ளே விட்டு, வளைத்து வழித்து நக்குவார். பிறகு அதே விரலால் பேனாவைப் பிடித்துக் கையெழுத்துப் போடுவார். அவர் கையெழுத்திட்ட காகிதத்தை நான் ஓரத்தில் பிடித்துத்தான் வாங்குவேன்.

என் அக்காவுக்கு ரொம்ப வருஷம் கழித்துப் பிறந்த குழந்தை. புட்டிப்பால்தான். அவள் தெருவில் பாதிப் பேர் கேன் தண்ணீர் வாங்குகிறார்கள்; அவள் வாங்கமாட்டாள். “எந்தங்கச்சி டெஸ்ட் பண்ற தண்ணிடீ இது” என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் பீற்றிக்கொள்வாள். குழாய்த் தண்ணீரை வெதுவெதுப்பாக்கிப் பால்பவுடரைக் கலப்பாள். சூடு ஏறினால் குட்டி வாயை வைக்காது. தினமும் காலையில் நான் பஸ்ஸில் இருக்கும்போது போன் வரும்.

“தண்ணி எப்படிடீ இருக்கு?”

“குடிக்கலாம்க்கா.”

அன்றைக்கும் அப்படித்தான் சொன்னேன். முந்தின நாள் கலங்கல் அளவு நாலு. அஞ்சுவரை போகலாம். அஞ்சைத் தாண்டினால் நீர்த்தேக்கத்திலிருந்து தண்ணீர் எடுக்கும் வால்வை மூடிவிட வேண்டும். எங்கள் மணல் வடிகட்டிக்கு வயதாகிவிட்டது, அதற்கு மேல் தாங்காது. மண்ணோடு வரும் கிருமி மண்ணுக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். குளோரின் அதைத் தொடாது. நாலு என்றால் கவலையில்லை என்று நம்பினேன்.

ஆய்வுக்கூடம் வந்து முந்தின நாள் வளர வைத்த தட்டுகளை எடுத்தால், குழாய்த் தண்ணீர் ஊற்றிய தட்டு முழுக்கப் புள்ளி. அது சுத்தமாக இருக்க வேண்டிய தட்டு. அம்மை போட்ட முகம் போல இருந்தது. எடுத்துக்கொண்டு பிஸ்கட் சாரிடம் ஓடினேன்.

“உன் கை பட்டிருக்கும்மா. திரும்பப் போடு” என்றார்.

என் கையாம்! நான் ஒரு மாதத்துக்கு எத்தனை சோப்பு தீர்க்கிறேன் என்று ஸ்டோர்காரரைக் கேட்டால் அழுதுவிடுவார். “சார், தண்ணியே சரியில்லன்னு நெனைக்கிறேன்.”

“நேத்து கலங்கல் நாலு. மீட்டர் பொய் சொல்லுமா?”

தினமும் படகில் போய் நீர்த்தேக்கத் தண்ணீரை எடுத்து வந்து கலங்கல் பார்க்கிற மீட்டர்காரர் அன்று பல் பிடுங்கிக்கொள்ளப் போயிருந்தார். “அவருக்குப் பதிலா நானே போய் எடுத்துட்டு வரேன்” என்றேன். பிஸ்கட் சார் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். படகில் ஏறும் ஆளா நீ என்பது போல. போ என்று கையை மட்டும் ஆட்டினார்.

படகில் கால் வைத்ததுமே போயிருக்க வேண்டாம் என்று தோன்றியது. தண்ணீர் பழுப்பாக, கெட்டியாகக் கிடந்தது. கரையோரம் நுரை, நுரைக்குள் செருப்பு, பிளாஸ்டிக் பை, வயிறு ஊதிய மீன்கள். நாற்றமோ தொண்டைவரை இறங்கி அங்கேயே குடியிருந்தது.

“மேல மாட்டுப் பண்ணைல சாணக் குட்டை ஒடஞ்சிடுச்சாம் மேடம்” என்றார் படகுக்காரர், வானிலை சொல்வது போல. “மழைல மொத்தமும் அடிச்சுக்கிட்டு இங்கதான் வந்திருக்கு.”

“எப்போ?”

“அது ஆச்சு, நாலஞ்சு நாளு.”

தண்ணீர் எடுக்கும் கோபுரத்தின் பக்கத்தில் படகை நிறுத்தச் சொன்னேன். கறுப்பும் வெள்ளையுமாகப் பெயிண்ட் அடித்த வட்டத் தட்டு ஒன்று உண்டு. கயிற்றில் கட்டி இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று பார்க்க வேண்டும். கோடையில் ஆளுயரம் இறங்கினாலும் வெள்ளை பளிச்சென்று தெரியும். அன்று என் கை முழங்கைவரை நனையவில்லை, அதற்குள் தட்டு காணாமல் போய்விட்டது. இழுத்தால் அதன் மேல் ஒரு வழவழப்பு. அந்த வழவழப்பு என் விரல்களுக்கு ஏறி, அங்கிருந்து மணிக்கட்டுக்கு வழிந்தது. படகின் ஓரத்தில் குனிந்து வாந்தி எடுத்தேன்.

“எடுங்க மேடம், கூச்சப்படாதீங்க” என்றார் படகுக்காரர். “இதுல அது தெரியவா போகுது?”

“மீட்டர்காரர் இதைப் பாத்துட்டா நாலுன்னு எழுதறாரு?”

“அவரு எங்க பாக்கறாரு? மூக்கப் பொத்திக்கிட்டு பாட்டில ரொப்புவாரு, கெளம்பிடுவாரு. பாட்டில் என்னவோ நல்லா ரொப்பிதான் எடுத்துட்டுப் போவாரு.”

நானும் இரண்டு பாட்டில் ரொப்பினேன். எங்கள் ஜீப்பை ஓட்டுவதும் படகுக்காரர்தான். ஆய்வுக்கூடம் வந்ததும் கையை மூன்று தடவை தேய்த்துக் கழுவிவிட்டு, ஒரு பாட்டிலைத் தலைகீழாக்கித் திருப்பி நன்றாகக் கலந்து, சின்னக் குப்பியில் ஊற்றி, துடைத்து, மீட்டருக்குள் வைத்தேன். முப்பத்தெட்டு.

கண்ணாடியில் விரல் ரேகை இருக்குமோ என்று திரும்பத் துடைத்து வைத்தேன். முப்பத்தெட்டுதான்.

கத்திக் கூப்பிட்டதில் பிஸ்கட் சார் வந்தார். எண்ணைப் பார்த்தார். பதறுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“நீ புதுசா இத செய்யறல்ல, அதான். பாட்டில் ஜீப்புல குலுங்கி வந்திருக்கு. மீட்டரும் கொஞ்சம் சூடேறணும். டீ குடிச்சிட்டுப் பாத்துக்கலாம்.”

டீ வந்தது. பிஸ்கட்டும் வந்தது. அவர் முக்கினார், பேசினார், பிஸ்கட் உடைந்து அடியில் போய்ச் சேர்ந்தது. நான் மேஜை மேல் இருந்த பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள்ளும் அதேதான் நடந்துகொண்டிருந்தது. பழுப்பு மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. அவர் விரலால் வழித்து நக்கி முடித்தபோது பாட்டிலின் மேல்பாதி தெளிந்துவிட்டது.

“இப்ப பாரு” என்று எழுந்தார். பாட்டிலை ஆட்டாமல், தூங்கும் பிள்ளையைத் தூக்குவது போலத் தூக்கி, மேலே தெளிந்ததை மட்டும் குப்பியில் சரித்தார். மீட்டரில் வைத்தார்.

நாலு.

“பாத்தியா? நான் சொல்லல?”

பாட்டிலின் அடியைக் காட்டினேன். “சார், மண்ணையெல்லாம் அடில விட்டுட்டு மேலாப்ல எடுத்தா நாலுதான் வரும். பைப்புல மேலாப்லயா போகுது? மொத்தமும்ல போகுது!”

“குலுக்குனா எந்தத் தண்ணியும் கலங்கத்தாம்மா செய்யும்.”

இந்த வழக்கம் எப்படி வந்தது என்று அவரே பெருமையாகச் சொன்னார். பழைய மீட்டர் ஒன்று இருந்ததாம். அதைப் போட்டுவிட்டு, சூடேறும்வரை அரைமணி நேரம் காத்திருக்க வேண்டுமாம். அந்த நேரத்தில் டீ குடிப்பார்களாம். அந்த மீட்டர் ஓட்டை உடைசலாகி வெளியே போய், போட்டவுடன் எண்ணைக் காட்டும் மீட்டர் வந்துவிட்டது. டீ மட்டும் போகவில்லை. யாரும் திட்டம் போட்டு ஊரை ஏமாற்றவில்லை. ஒரு திருடன் இருந்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். காறித் துப்ப ஒரு முகமாவது கிடைத்திருக்கும். இங்கே இருந்ததெல்லாம் சோம்பேறித்தனமும் சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீயும்தான்.

“வால்வ மூடச் சொல்லுங்க சார்.”

“மூடுனா ஊரு முழுக்க லாரில தண்ணி விடணும். மேலேருந்து ஆயிரத்தெட்டு கேள்வி வரும். மீட்டரே நாலுன்னு சொல்லுது, எனக்கென்ன தலையெழுத்தா முப்பத்தெட்டுன்னு சொல்ல?”

நானே பம்ப் ஹவுஸுக்குப் போன் போட்டேன். “சார் சொல்லாம நான் வால்வுல கை வைக்க முடியாது மேடம், என் வயித்துல அடிச்சிடாதீங்க” என்று வைத்துவிட்டார் அங்கிருந்தவர். பிஸ்கட் சார் என்னைப் பார்த்துச் சிரித்தார். பல்லிடுக்கில் பிஸ்கட் இருந்தது.

ஒரு விஷயம் சொல்ல மறந்துவிட்டேன். ஊர்த் தண்ணீரைச் சோதிக்கும் எங்கள் ஆய்வுக்கூடத்தில் டீ போடுவது கேன் தண்ணீரில். இதுவும் எப்போது ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது.

சாயங்கால டீயை நான் போடுகிறேன் என்றபோது எல்லாரும் ஆச்சரியப்பட்டார்கள். படகில் எடுத்து வந்த இரண்டாவது பாட்டிலை நன்றாகக் குலுக்கி, பிஸ்கட் சாருக்கு மட்டும் தனியாக அதில் போட்டேன். கொதிகொதி என்று கொதிக்கவிட்டேன். ஆளைக் கொல்லும் எண்ணம் எனக்கில்லை. பாலும் சர்க்கரையும் தாராளமாகச் சேர்த்து, டீத்தூளை வடிகட்டி, அவர் கப்பில் ஊற்றினேன். வடிகட்டி மண்ணைப் பிடிக்காது. கப்பின் காதை மட்டும் பிடித்துக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன்.

அவர் முக்கினார். பேசினார். பிஸ்கட் உடைந்தது. டீயைக் குடித்து முடித்து, விரலை உள்ளே விட்டு, ஒரு சுற்றுச் சுற்றி வழித்து வாயில் வைத்தார். மெல்லவே தேவையில்லாத அந்தச் சேற்றில் நறநறவென்று சத்தம் கேட்டது. அவர் வாய் அப்படியே நின்றுவிட்டது.

“பிஸ்கட்ல என்னம்மா மண்ணு?”

“பிஸ்கட்ல இல்ல சார். தண்ணில. காலைல நான் கொண்டு வந்த தண்ணி. சாணக் குட்டையும் சேந்தது. முப்பத்தெட்டு.”

மூலையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த படகுக்காரருக்குப் புரை ஏறியது. பிஸ்கட் சார் கைக்குட்டையில் துப்பினார். நாக்கைத் துடைத்தார். கத்தப் போகிறார், அல்லது வெட்கப்பட்டு வால்வை மூடச் சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் கப்பைச் சாய்த்து உள்ளே பார்த்தார்.

“கொஞ்ச நேரம் வெச்சிருந்து ஊத்தியிருந்தா தெளிஞ்சிருக்கும்ல? அவசரப்பட்டுட்ட” என்றார்.

மண்ணை வாயில் போட்டாலும் இந்த மனிதருக்கு மண் தெரியாது. அதுவரை அவரைக் கண்டால் எனக்கு வெறும் அருவருப்புதான். அந்த நிமிஷம் பயமாகவும் இருந்தது.

போன் அடித்தது. அக்கா. சாயங்காலத்தில் அவள் கூப்பிடுவதில்லை. அந்தக் கப்பைத் தொட்ட கையால் போனை எடுக்க மனமில்லாமல், மேஜையில் வைத்தபடியே ஒரு விரலால் ஸ்பீக்கரை அழுத்தினேன்.

“குட்டிக்கு மத்தியானத்துலேருந்து வயித்தால போகுதுடீ. நிக்கவே மாட்டேங்குது. கண்ணெல்லாம் உள்ள போயிடுச்சு. தண்ணியா இருக்குமோன்னு இவரு கேக்கறாரு. நான் சண்டை போட்டேன். தங்கச்சி காலைலதான் நல்லாருக்குன்னு சொன்னா, தண்ணியெல்லாம் இல்லன்னு சொன்னேன். சரிதானே?”

‘குடிக்கலாம்க்கா’ என்று சொன்ன வாய் இது. ஊரார் வாயையெல்லாம் பார்த்து முகம் சுளித்தவளுக்கு, தன் வாயைக் கழுவிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

பிஸ்கட் சார் என் பக்கம் சாய்ந்தார். உதட்டோரம் பழுப்பாக ஒட்டியிருந்தது. “பல்லு முளைக்கிற நேரம், அப்படித்தான் போகும்னு சொல்லும்மா” என்றார் மெதுவாக. அன்பாகவே சொன்னார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

“அக்கா, பாப்பாவத் தூக்கிட்டு இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போ. அந்தத் தண்ணில கலந்த பால் இருந்தா கீழ கொட்டு. தண்ணிதான்க்கா. தண்ணியேதான். காலைல நான் சொன்னது தப்பு.”

அந்தப் பக்கம் பால்புட்டியைத் தொட்டியில் கவிழ்க்கும் சத்தம் கேட்டது.

“போற வழில ஒவ்வொரு வீட்லயும் கதவத் தட்டிச் சொல்லு, யாரும் குழாயத் தொறக்க வேணாம்னு.”

“ஏம்மா, வேலை போயிடும்” என்றார் பிஸ்கட் சார். படகுக்காரர் கப்பைக் கீழே வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் ஜீப் சாவியை எடுத்துக்கொண்டு பம்ப் ஹவுஸ் பக்கம் கிளம்பினார்.

“யாருடீ சொன்னான்னு கேப்பாங்களே?” அக்காவின் குரல் உடைந்திருந்தது. “என்னன்னு சொல்றது?”

“தண்ணி டெஸ்ட் பண்றவ சொன்னான்னு சொல்லு. குலுக்கிப் பாத்துட்டுச் சொன்னான்னு சொல்லு.”