ஐயனார் துரத்திய மயில்

கீரனூரிலிருந்து திருச்சிக்குப் போகும் ஏழே முக்கால் பஸ்ஸில், டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது ஜன்னல் சீட்டில் உட்கார்ந்துதான் நாகராசு தன் ஆட்சியை நடத்திவந்தார். திருச்சியில் மருந்து மொத்தக் கடை ஒன்றில் அவர் ஸ்டோர்ஸ் பொறுப்பாளர். அங்கே அவருக்குக் கீழே இருந்தது ஒரே ஒரு ஆள்; அவரும் ஓய்வு பெறுகிற வயதில், சொன்னதைக் காதில் வாங்காதவர். டெலிகிராமில் இருந்த 'புதுக்கோட்டைப் பறவை நோக்கர்கள்' குழுவில் அந்தக் குறை இல்லை. அங்கே நாகராசு வைத்ததுதான் சட்டம்.

குழுவைத் தொடங்கியது அறந்தாங்கி ராஜா முகமது. ஷார்ஜாவில் ஏ.சி. மெக்கானிக். ஊர்ப் பறவைகளைப் போனிலாவது பார்த்துக்கொண்டிருக்கலாமே என்று ஆரம்பித்தவர், நேரம் போதாமல் சாவியை நாகராசு கையில் கொடுத்தார். அப்போது அறுநூறு பேர் இருந்தார்கள். பிறகு விளம்பரக்காரர்கள் வந்தார்கள். யாராவது ஒரு மரங்கொத்தியைப் போட்டால், அதற்குக் கீழே மூன்று லோன், இரண்டு வீட்டு மனை, ஒரு துபாய் விசா. இதை யாராலும் சகித்துக்கொள்ள முடியாது. அந்த மட்டில் நாகராசு மீது குற்றமில்லை.

குற்றம் அதற்குப் பிறகு வந்தது. பதிவுகளைத் தானே படித்துத் தானே அழிக்கும் ஒரு காவல் நிரலை அவர் கொண்டுவந்து குழுவில் நிறுத்தினார். அதற்கு 'ஐயனார்' என்று பெயர் வைத்தார். ஊர் எல்லையில் குதிரையோடு நிற்கிறவரின் பெயரை வைத்தால்தான் ஜனங்களுக்குப் பயம் இருக்கும் என்பது அவர் கணக்கு. தடைசெய்த சொல் ஒன்று கண்ணில் பட்டால் ஐயனார் பதிவை அழித்துவிடுவார். மூன்றாவது முறை ஆளையே வெளியே தள்ளிவிடுவார். அட்மின் உட்பட யாருக்கும் விதிவிலக்கு கிடையாது. 'ஐயனார் முன்னால் எல்லாரும் சமம்' என்று அன்று நாகராசு பெருமையாக எழுதினார்.

'மனை' தடை. அதனால் 'என் மனைவி எடுத்த படம்' என்று ஒரு கொக்கைப் போட்டவர் ரியல் எஸ்டேட்காரராகி வெளியேறினார். 'விசா' தடை. கண்மாய்ப் பக்கம் விசாரித்தேன் என்று எழுதியவர் ஏஜெண்ட் ஆனார். மனைவிக்காரர் தனியே போன் போட்டு முறையிட்டபோது, "துணைவியார்னு எழுத வேண்டியதுதானே?" என்று நாகராசு அறிவுரை சொன்னார்.

ஏழாவது விதிதான் மயில். விராலிமலைப் பக்கத்திலிருந்து யார் புதிதாகச் சேர்ந்தாலும் முதல் படம் மயில்தான். கோயில் படியில் மயில், தண்ணீர்த் தொட்டியில் மயில், மாமியார் வீட்டு மாடியில் மயில். அங்கே கோழியைவிட மயில் அதிகம், அவர்களும் என்ன செய்வார்கள்! ஆனால் உள்ளான்களைக் கால் நிறம் பார்த்துப் பிரிக்கத் தெரிந்த நாகராசுக்கு இது பெரிய அவமானமாகப் பட்டது. மயில், மயிலை, மயிலால், மயிலுக்கு என்று எட்டு வேற்றுமையிலும் தடை போட்டார். பேச்சு வழக்கையும் விடாமல் 'மயிலு' என்பதையும் சேர்த்தார். பள்ளியில் படித்த இலக்கணம் முப்பது வருடம் கழித்து இதற்குத்தான் உதவியது.

வாசலிலும் ஒரு கேள்வி வைத்தார். 'கோடையில் பச்சைக்காலியைக் கண்டதாகச் சொல்பவரை எவ்வாறு மறுப்பீர்கள்?' பச்சைக்காலி குளிர்காலத்தில் மட்டும் வந்துபோகும் உள்ளான் என்பது தெரியாத பாதிப் பேர் கேள்வியைப் பார்த்ததுமே திரும்பிப் போனார்கள். ரஞ்சிதா என்ற பெயரில் வந்த ஒருவர் மட்டும் மூன்றே நொடியில் நான்கு பத்தி எழுதி, ஆதாரப் பட்டியலும் கொடுத்தார். நாகராசு உருகிப்போய் அவரை அட்மின் ஆக்கினார். எட்டாம் நாள் ரஞ்சிதா ஒவ்வொரு உறுப்பினருக்கும் தனித்தனியாக, ஐயனாரின் கண் எட்டாத இன்பாக்ஸில், லோன் விளம்பரம் அனுப்பினார். இப்படியாக அறுநூறு பேர் பத்தொன்பது பேர் ஆனார்கள். அதில் ஏழு பேர் அட்மின்கள். குழு மிகவும் சுத்தமாக இருந்தது.

நாகராசுக்கு ஒரே ஒரு ஆசை. நீளவால் இலைக்கோழியை அதன் வாலோடு பார்க்க வேண்டும். தாமரை இலை மேல் நடக்கிற பறவை அது. இனப்பெருக்கக் காலத்தில் பிடரியில் தங்க நிறமும், அரிவாள் மாதிரி வளைந்த நீண்ட கறுப்பு வாலும் வரும்; சீசன் முடிந்ததும் உதிர்ந்துவிடும். பதினோரு வருடமாக அவர் போய்ச் சேர்ந்ததெல்லாம் வால் உதிர்ந்த பிறகுதான், கல்யாணம் முடிந்து பந்தல் பிரிக்கும்போது வந்து நிற்கிற விருந்தாளியைப் போல. இந்த ஏக்கம் உண்மையானது. 'வாலோடு எங்கே கண்டாலும் உடனே இங்கே தெரிவிக்கவும் - நாகராசு' என்ற அறிவிப்பைக் குழுவின் உச்சியில் நிரந்தரமாகக் குத்தி வைத்திருந்தார்.

ஆடி மாதம் ஒரு காலை, பஸ் மாத்தூரைத் தாண்டும்போது ஐயனாரின் பதிவேட்டைப் பார்த்தார். 'செல்வராணி இளநீர். மயிலு. எச்சரிக்கை ஒன்று. மயிலு. எச்சரிக்கை இரண்டு. மயிலு. நீக்கம்.' நான்கு நிமிடத்தில் வேலை முடிந்திருந்தது. திருப்தியாக போனைப் பையில் போட்டார்.

ஆவணி பாதியில், ஒரு வெள்ளிக்கிழமை ராஜா முகமது கூப்பிட்டார்.

"நாகராசண்ணே, வாலப் பாத்தாச்சா? நேர்ல எப்புடி இருந்துச்சு?"

"எந்த வாலு?"

"என்னண்ணே வெளையாடுறீங்க? விராலிமலை செல்வராணி அக்கா போட்டுச்சுல்ல! லீவுல வந்தப்ப அது கடையில எளநி குடிச்சேன். போன்ல படத்தக் காட்டுச்சு. எங்க அண்ணன் பதினோரு வருசமா தேடுறாரு, உடனே குரூப்புல போடுங்கக்கான்னு நான்தானே சேத்துவிட்டேன்."

"அந்தம்மா மயிலு போட்டுச்சு தம்பி. ஐயனார் தூக்கிட்டாரு."

தலையில் அடித்துக்கொண்ட சத்தம் ஷார்ஜாவிலிருந்து கேட்டது.

"தண்ணி மயிலுண்ணே," என்றார் ராஜா முகமது. "அந்த ஊர்ல எலைக்கோழிக்கு அதான் பேரு."

நாகராசு அன்றிரவே கேமராவைச் சார்ஜில் போட்டார். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பெரிய லென்ஸைத் தோளில் மாட்டிக்கொண்டு விராலிமலைக்கு பஸ் ஏறினார்.

ஹைவே ஓரத்தில் வேப்பமரத்தடியில் இருந்தது செல்வராணியின் இளநீர்க் கடை. நாற்பத்தைந்து வயது இருக்கும். லென்ஸையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அரிவாளைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"நீங்கதான் அந்த ஐயனாருங்களா?"

"இல்லம்மா. நான் நாகராசு."

"ஐயோ, கோச்சுக்காதீங்க. மொத தடவ போட்டேன், காணோம். நம்ம கைதான் தப்பாப் பட்டுருச்சுன்னு மறுக்காப் போட்டேன். விதி ஏழுன்னு வந்துச்சு. சரி, என்னமோ தெரியாமப் பண்ணிட்டோம்போலன்னு, 'மயிலு போட்டது தப்புன்னா மன்னிச்சுக்கங்க'ன்னு எழுதுனேன். அதுக்குத்தான் வெளிய தள்ளிட்டாக."

மன்னிப்புக்கும் சேர்த்துத் தண்டனை கொடுக்கும் சட்டத்தை எழுதியவர் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு வெட்கமாக இருந்தது.

கடைக்குப் பின்னால்தான் கண்மாய். கரையேறிக் காட்டினாள். மூலையில் தாமரை இலைகள் காற்றில் புரண்டன. ஒரு கொக்குகூட இல்லை.

"முந்தாநாள் வரைக்கும் நாலு குஞ்சும் இந்த எலை மேலதாங்க நடந்துச்சு. அப்பன்தான் அடகாத்துச்சு. ஆத்தாக்காரி முட்டையப் போட்டுட்டு வேற தாமரைக்குப் போயிருச்சு. அப்பனுக்கு வாலெல்லாம் உதுந்து, குஞ்சோட எல்லாமாச் சேந்து அங்கிட்டு எந்தக் கம்மாய்க்குப் போச்சோ தெரியல."

"வேற யாராச்சும் பாத்தாங்களா?"

"எங்க குரூப்புல பாதிப் பேரு வந்து பாத்துட்டுப் போயிட்டாங்களே! மீன் குத்தகைக்காரரும் குரூப்புலதான் இருக்காரு. நாங்க சொன்னதுல இந்த மூலையில ஒரு மாசமா வலையே போடல."

குழுவின் பெயர் 'விராலிமலை மயிலு'. உங்கள் குழுவிலிருந்து விழுந்த மறுநாள் ஆரம்பித்தேன் என்றாள். நானூற்றுப் பன்னிரண்டு பேர். நாகராசுக்கு அந்த வலியிலும் நிர்வாகி விழித்துக்கொண்டார்.

"லோன்காரன், மனைக்காரனெல்லாம் வந்து குவிவானே, என்ன பண்றீங்க?"

"வருவாங்க. புதுசா யாரு வந்தாலும், 'வாங்க, நீங்களே எடுத்த மயிலு படம் ஒண்ணு போடுங்க'ம்போம். ஊருக்காரன் அஞ்சு நிமிசத்துல போட்டுருவான். லோன்காரன் எங்கிட்டுப் போயி மயிலு எடுப்பான்? ஒரு நாளு பாத்துட்டு எடுத்துவிட்டுருவோம்."

எட்டு வேற்றுமையும் அறிந்தவருக்கு இது தோன்றவே இல்லை.

"ஒங்களையும் சேத்துவிடுறேன்ணே, வாலு படமெல்லாம் அதுலதான் கெடக்கு," என்று அவளே போன் எண்ணை வாங்கிச் சேர்த்தாள். வாலோடு, தங்கப் பிடரியோடு, இலை மேல் குந்தியிருந்த அந்தப் பறவையை நாகராசு முதல்முறையாக அடுத்தவர் எடுத்த படத்தில் பார்த்தார். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. இருபது அடி தூரத்தில் நின்றிருக்க வேண்டியவர் அவர். அதற்குள் மேலே வரிசையாக வந்து விழுந்தன: 'வாங்கண்ணே.' 'வணக்கம்ணே.' 'எங்கண்ணே மயிலு?'

போனில் துழாவினார். பதினோரு வருடம், முப்பத்தெட்டாயிரம் படங்கள். உள்ளான், கதிர்க்குருவி, வல்லூறு, பெயர் தெரியாத பருந்தின் இறகு. மயில் ஒன்றுகூட இல்லை.

வேறு வழியில்லாமல் விராலிமலை ஹைவேயில் நின்று, இத்தனை பெரிய லென்ஸால் மயில் தேடினார். இளநீர் குடிக்க வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். கடைக் கூரையில் ஒன்று வந்து இறங்கியது; அவர் குறி பார்த்ததும் திரும்பி நின்றுகொண்டது. கிடைத்தது பின்பக்கம்தான், அதுவும் ஆவணி மாதத்து வால் உதிர்ந்த பின்பக்கம். அதைப் போனுக்கு மாற்றிப் போட்டார்.

"பின்னாடி இருந்தாலும் மயிலு மயிலுதாண்ணே!" என்று முதலில் வந்தது மீன் குத்தகைக்காரரிடமிருந்து. அப்புறம் கைதட்டல்கள், அறுபது எழுபது. நல்வரவு, நல்வரவு என்று யார் யாரோ. இத்தனை நாளில் தன் குழுவில் ஒரு புது ஆளை யாரும் இப்படி வரவேற்றதாக நாகராசுக்கு நினைவில்லை. அவரும் வரவேற்றதில்லை.

செல்வராணி சீவிக் கொடுத்த இளநீர் கையிலேயே இருந்தது. ஐயனாரின் அமைப்பை மாற்ற வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் போக வேண்டும். அதுவரை பொறுக்க முடியாமல் தன் குழுவைத் திறந்து எழுதினார்: 'நண்பர்களே, இனி இங்கே தாராளமாக மயில் படம் போடலாம்.'

பதிவு காணாமல் போனது. 'நாகராசு. மயில். விதி ஏழு. எச்சரிக்கை ஒன்று.'

மறுபடி எழுதினார். எச்சரிக்கை இரண்டு.

இளநீரை ஒரே மூச்சில் குடித்து முடித்தார். கூரையில் நின்ற மயிலின் பின்பக்கப் படத்தையும் இணைத்து, மூன்றாவது முறையாக அனுப்பினார்.