ஓரக் கட்டத்தில் எட்டு எழுத்து

வாரி நகரத்தில் ஓடும் வண்டிகளில் பாதிக்கு மேல் நம்பர் பலகையில் இரண்டு டபிள்யூவும் ஓர் ஆரும் இருக்கும். கல்யாணமான புதிதில் கேகே ஆட்டோவில் போகும்போதெல்லாம், அந்த மூன்று எழுத்தும் அடங்கிய ஆங்கிலச் சொற்கள் என்னென்ன என்று புருமேயும் தெஜிரியும் போட்டி போடுவார்கள். புருமே 'வாட்டர்வொர்க்ஸ்', 'வில்பவர்' என்று இரண்டைச் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவான். தெஜிரி விடமாட்டாள். சந்தையில் இறங்கி, மீன் பேரம் பேசி, வீடு வந்து சேர்ந்து, வெங்காயம் நறுக்கும்போது அடுப்படியிலிருந்து குரல் வரும்.

"ஏங்க! வீல்பேரோ!"

"அதை இன்னும் விடலையா நீ?"

"நான் விட்டாலும் அது என்னை விடணுமே!"

மற்ற ஊர்க்காரர்கள் கால்பந்துக்குச் சண்டை போட்டால், வாரிக்காரர்கள் எழுத்துக் கட்டைகளைப் பலகையில் கோத்து ஆங்கிலச் சொல் சேர்க்கும் ஸ்கிராபிளுக்கும் சேர்த்துச் சண்டை போடுவார்கள். புருமே பள்ளியில் கணக்கு வாத்தியார். ஊர் ஸ்கிராபிள் சங்கத்துக்குப் பயிற்சியாளர். இரண்டு முறை மாநிலச் சாம்பியன். எனெர்ஹென் சந்திப்பில் மருந்துக்கடை நடத்திவந்த தெஜிரியைச் சங்கத்துக்குக் கூட்டிவந்தவனும் அவன்தான். கடையில் கூட்டமில்லாத நேரத்தில் அவள் எழுத்துகளோடு உட்கார்ந்துகொள்வாள். மாத்திரை வாங்க வந்தவர்கள் மேசையைத் தட்டிக் கூப்பிட வேண்டியிருக்கும்.

சங்கத்தில் புருமே எல்லாருக்கும் சொன்ன பாடம் ஒன்றே. "ஆடும்போது கடிகாரம் ஓடுது. நல்ல சொல் கிடைச்சா வை, அடுத்ததுக்குப் போ." அவன் ஜெயித்ததெல்லாம் அந்த வேகத்தால்தான்.

அந்த வருஷம் பக்கத்து ஊரான எஃபுரூனில் ஓட்டல் ஒன்றின் அரங்கில் மாநிலப் போட்டி நடந்தது. ஜெயிப்பவர்தான் தேசியப் போட்டிக்குத் தலைநகர் அபுஜா போகும் டெல்டா மாநில அணிக்குத் தலைவர். இறுதி ஆட்டத்துக்கு வந்து சேர்ந்தவர்கள் இந்தக் கணவனும் மனைவியும். அரங்கமே குதூகலித்தது. சங்கத்து நண்பன் டோஜு நாற்காலியை இழுத்துப் போட்டு மேசைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

"புருமே, ஜெயிச்சா வீட்டுல சோறு கிடைக்காது. தோத்தா சங்கத்துல மரியாதை கிடைக்காது. நல்லா மாட்டினடா!"

"நீ அரையிறுதியில யார்கிட்ட அடி வாங்கினே? அவகிட்டதானே? வாயை மூடிக்கிட்டுப் பாரு" என்றான் புருமே.

தெஜிரி சிரிக்கவில்லை. வளையல்களைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு, "கடிகாரத்தை அமுக்குங்க. பேச வந்தீங்களா, ஆட வந்தீங்களா?" என்றாள்.

ஆட்டம் புருமே பக்கமே சாய்ந்தது. நல்ல எழுத்தெல்லாம் அவன் கைக்கே வந்தது. முடிவு நெருங்கியபோது நூற்றுச் சொச்சம் புள்ளி முன்னால் இருந்தான். கையில் எக்ஸ் இருந்தது. பலகையின் கடைசிக்கு முந்தின வரிசையில், வலது ஓரத்தை ஒட்டி 'டாக்ஸி' என்று வைத்தான். சொல்லின் கடைசி எழுத்தான ஐ, ஓரத்துச் செங்குத்து வரிசையில் போய் நின்றது. அதற்கு மேலே கட்டங்கள் காலி. கீழே ஒரே ஒரு கட்டம். அந்த ஓரத்தின் கீழ்ப்பாதியில், சொல்லின் புள்ளியை மும்மடங்காக்கும் சிவப்புக் கட்டங்கள் இரண்டு உண்டு என்பது அவனுக்குத் தெரியும். இரண்டையும் ஒரே சொல்லால் தொட்டால் ஒன்பது மடங்கு. ஆனால் அதற்கு எட்டெழுத்துச் சொல் வேண்டும். அதில் ஐ ஏழாவதாக வர வேண்டும். எங்கே கிடைக்கும்?

எழுத்துப் பையில் மிஞ்சியிருந்த கடைசி எழுத்துகளை எடுத்துக்கொண்டான். பை காலி. இனி எதிராளியின் கையில் என்ன இருக்கிறது என்பது வெறும் கழித்தல் கணக்கு. பலகையிலும் தன் கையிலும் இல்லாதவற்றைப் பார்த்தான். ஏ, ஈ, ஜி, எல், என், ஆர், டி.

ஐயோடு சேர்த்துப் பார்த்தான். சொற்கள் மடமடவென்று வந்தன. ட்ரையாங்கிள், இன்டெக்ரல், ரிலேட்டிங், ஆல்டரிங், அலர்ட்டிங். நிமிர்ந்தான். ஒவ்வொன்றாக அந்த ஓரத்தில் வைத்துப் பார்த்தான். ஒன்றும் பொருந்தவில்லை, எல்லாவற்றிலும் ஐக்குப் பின் இரண்டு எழுத்தாவது தேவைப்பட்டது. டாங்லியர் என்று இன்னொன்றும் தோன்றியது. அதுவும் அப்படித்தான். ஆறு சொல். அவ்வளவுதான். மூச்சை விட்டுவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தான்.

தெஜிரி எழுத்துகளை மாற்றி மாற்றி அடுக்கிக்கொண்டிருந்தாள். அதே ஆறையும் அவள் தாண்டிவிட்டாள் என்பது அவள் விரல்களைப் பார்த்தாலே தெரிந்தது. கடிகாரத்தில் அவள் நேரம் கரைந்துகொண்டிருந்தது. வேறு யாராக இருந்தாலும் கிடைத்த இடத்தில் நாலெழுத்தை வைத்துவிட்டுத் தோல்வியைக் கௌரவமாக்கியிருப்பார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். உதடு மட்டும் அசைந்தது.

பிறகு கண்ணைத் திறந்து, மேலிருந்து கீழாக, அவசரமே இல்லாமல் வைத்தாள். டி, ஈ, ஆர், ஏ, ஜி, எல். அவன் வைத்த ஐயைத் தாண்டி, கீழே இருந்த ஒற்றைக் கட்டத்தில் என்.

டெராக்லின்.

கை காலி. ஆட்டம் முடிந்தது. இரண்டு சிவப்புக் கட்டமும் அவளுடையவை. புள்ளியைக் கூட்டிப் பார்க்கவே தேவையில்லை.

டோஜு எழுந்து நின்றுவிட்டான். "அது என்னடா மருந்து?"

புருமே பலகையையே பார்த்தான். அப்படி ஒரு சொல்லை அவன் கேட்டதே இல்லை. சவால் விடலாம். பொய்ச் சொல் என்றால் அவள் எழுத்துகளைத் திரும்ப எடுக்க வேண்டும், வெற்றி அவனுக்கு. ஆனால் அவன் முகத்தில் கவலை இல்லை. ஒருவிதத் திகைப்புதான் இருந்தது. அவள் பொய்ச் சொல் வைக்கும்போது இடது கை தன்னால் காதுத் தோட்டைத் தேடும். இப்போது இரண்டு கையும் மடியில் சும்மா கிடந்தன.

"சவால் விடுங்க" என்றாள் தெஜிரி மெதுவாக.

"எதுக்கு? சொல் சரின்னு உன் முகமே சொல்லுதே."

"என் முகத்தையா இவங்க ஏத்துக்குவாங்க? நீங்க சும்மா விட்டா, பொண்டாட்டிக்கு விட்டுக்கொடுத்தான்னு வாரி முழுக்கப் பேசுவாங்க. நான் ஜெயிச்சது யாருக்கும் தெரியாமப் போயிடும். விடுங்கன்னா விடுங்க!"

புருமே கையைத் தூக்கினான். "சவால்."

நடுவரின் கணினி அரங்கின் மறுகோடியில் இருந்தது. விதிப்படி இருவரும் சேர்ந்து போனார்கள். கூட்டம் வழி விட்டது. அவள் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள். திரை பச்சையானது.

அரங்கம் அதிர்ந்தது. யாரோ நாற்காலியைக் கவிழ்த்தார்கள். டோஜு தலையில் கை வைத்துக்கொண்டு, "ஒன்பது மடங்குடா! கடைசி ஆட்டத்துல! புருஷனை!" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். புருமே மனைவியின் கையைப் பிடித்து உயரத் தூக்கினான். அவள் கை சில்லிட்டிருந்தது. அதுவரை அவள் பயந்திருக்கிறாள் என்பதே அவனுக்குத் தெரியாது.

பரிசெல்லாம் முடிந்து, வாசலில் ஒரு பெண்ணிடம் சுட்ட வாழைக்காயும் மீனும் வாங்கி நின்றபடியே தின்றார்கள்.

"ஆறு சொல் நானும் கண்டுபிடிச்சேன். ஏழாவதை நீ எப்படிப் பிடிச்சே?" என்றான் புருமே.

"ஆறு கிடைச்சதும் நீங்க என்ன பண்ணினீங்க?"

"போதும்னு சாஞ்சு உக்காந்தேன்."

"நான் சாயலை." அவள் மீன் முள்ளைத் துப்பினாள். "எப்பவோ கடையில இதே எட்டு எழுத்தோட மல்லுக்கட்டினேன். ஏழு சொல் வந்துச்சு. இன்னைக்கு ஆறுதான் ஞாபகத்துக்கு வந்துச்சு. ஒண்ணு குறையுதேன்னு மட்டும் தெரியும். அது என்னன்னு தெரியாமத் தவிச்சுப் போயிட்டேன்."

"அர்த்தமாவது தெரியுமா?"

"ஆஸ்திரேலியாக் கடல்ல ஒரு மீனாம்."

"நல்லாயிருக்குமா?"

"பெப்பர் சூப்புல போட்டா எந்த மீன்தான் நல்லாயிருக்காது?"

டோஜு பின்னாலிருந்து வந்து புருமேயின் முதுகில் ஓங்கித் தட்டினான். "தோத்தவன் மாதிரியா இருக்கே? பல்லைப் பாரு! வெக்கமா இல்ல?"

"நீ அந்தச் சொல்லைப் பார்த்தியா இல்லையா?" என்றான் புருமே. "அது என் எதிர்ல வந்து உக்காந்துச்சு, டோஜு. நூறு வருஷம் குடுத்தாலும் எனக்கு வந்திருக்காது. இதுக்கு எதுக்குடா வெக்கம்?"

அடுத்த வாரம் சங்கத்தில் கரும்பலகைக்கு முன்னால் நின்றது தெஜிரி. புருமே முன்வரிசையில், டோஜுவுக்குப் பக்கத்தில், கையில் பேனாவோடு உட்கார்ந்திருந்தான். அவள் எட்டு எழுத்தை எழுதிவிட்டுத் திரும்பினாள்.

"இதுல இருக்கிற சொல்லையெல்லாம் எழுதுங்க. இனி இல்லை, முடிஞ்சதுன்னு யாருக்குத் தோணுதோ, அவங்க மட்டும் கையைத் தூக்குங்க" என்றாள்.

ஒருவரும் தூக்கவில்லை.